முதுமையில் துணையை இழந்தோர்: கேள்வி பதில்

கேள்வி (மன்னார்குடி): அம்மா இறந்து நான்கு மாதமாகிறது. 76 வயதான அப்பா இன்னும் காலையில் இரண்டு டம்ளர் காபி ஆற்றி, ஒன்றை அம்மா உட்காரும் இடத்தில் வைத்துவிட்டுப் பேசுகிறார். மனம் பேதலித்துவிட்டதா?

பதில்: இல்லை. வேல்ஸ் நாட்டு மருத்துவர் ஒருவர், துணையை இழந்த 293 பேரிடம் பேசி 1971-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறையப் பாதிப் பேர், இறந்தவர் உடனிருப்பதாகவோ அவர் குரல் கேட்பதாகவோ உணர்ந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதை யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் தந்தை மறைக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டாவது டம்ளரை எடுக்காதீர்கள். முதல் டம்ளர் காலியாகிறதா, மாத்திரை அட்டை நாள்தோறும் குறைகிறதா என்று பாருங்கள்.

கேள்வி (திருவாரூர்): தலைத்திவசம் முடிந்தும் அம்மா தேறவில்லை. எவ்வளவு காலம் பொறுப்பது?

பதில்: ‘நீடித்த துயர்க் கோளாறு’ என்பதற்கு உலகச் சுகாதார நிறுவனம் 6 மாதத்தையும், அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 12 மாதத்தையும் எல்லையாக வைத்துள்ளன. நம் வழக்கமும் ஓராண்டையே கணக்கிடுகிறது. ஆனால் காலத்தை மட்டும் எண்ணுவதில் பயனில்லை. ஏக்கம் சற்றும் தணியாமல் குளியல், உணவு, உறக்கம் எல்லாம் குலைந்திருந்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ‘நானும் போய்விடுகிறேன்’ என்று சொன்னாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற கட்டணமில்லா மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய தூக்கமாத்திரை மட்டும் வேண்டாம். அதனால் இரவில் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (சீர்காழி): மாமா இறந்த மறுநாள் அத்தைக்கு நெஞ்சுவலி. அழுத களைப்பு என்கிறார்கள்.

பதில்: உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பேரதிர்ச்சியில் இதயத்தசை தற்காலிகமாகத் தளரும் ‘டகோட்சுபோ’ என்ற நிலை, மாதவிடாய் நின்ற பெண்களிடமே மிகுதி. அதையும் மாரடைப்பையும் வீட்டிலிருந்தபடி பிரித்தறிய முடியாது.

கேள்வி (கும்பகோணம்): பதினாறாம் நாள் முடிந்ததும் அப்பாவைச் சென்னைக்கு அழைத்துக்கொண்டு, நிலத்தைக் குத்தகைக்கு விடலாமா?

பதில்: அவரால் தனியே இருக்க இயலுமானால், அவசரப்படாதீர்கள். சமையல் தெரியாத ஆண்களே முதலில் இளைத்துப்போகிறார்கள் என்பதால், சாப்பாட்டுக்கு மட்டும் இப்போதே ஓர் ஏற்பாடு செய்யுங்கள். குடவாசல் பக்கம் ஒரு பெரியவரின் நிலத்தை, மனைவி இறந்த மாதமே பிள்ளைகள் குத்தகைக்கு விட்டார்கள். மேட்டூர் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்த காலையில் அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மடை வரை நடந்தார். அங்கே வேறொருவர் மடை திறந்துகொண்டிருந்தார். மனைவி இறந்தபோது அழாதவர், அன்றுதான் அழுதார்.