நர்ஸிங் கேள்வி பதில்: ஆர்டர் இருந்தால் போதுமா?

கேள்வி: டாக்டர் எழுதிய டோஸ் அதிகமாகத் தெரிந்தது. சொன்னேன். ‘ஆர்டர் இருக்கு, போடு, நமக்கென்ன’ என்றார் சீனியர் சிஸ்டர். போட்டு ஏதாவது ஆகியிருந்தால் யார் பொறுப்பு? (இரண்டாம் ஆண்டு மாணவி)

பதில்: எழுதியவரும்தான், போட்டவரும்தான். கவனக்குறைவு வழக்கு என்று வந்தால் நான்கு விஷயம் பார்ப்பார்கள்: அந்த நோயாளியைக் கவனிக்கும் கடமை உங்களுக்கு இருந்ததா, அதில் தவறினீர்களா, அவருக்குப் பாதிப்பு வந்ததா, அந்தப் பாதிப்பு உங்கள் தவறினால் வந்ததா. தவறினீர்களா என்பதை எப்படி அளப்பார்கள் தெரியுமா? இதே படிப்பு படித்த, பொறுப்பான இன்னொரு நர்ஸ் அந்த இடத்தில் நின்றிருந்தால் என்ன செய்திருப்பார் என்று கேட்பார்கள். ஆக, ‘எனக்குத் தெரியாது’ என்பதும் உங்களைக் காப்பாற்றாது.

அதனால்தான் சில எண்களைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும் என்று வகுப்பில் கத்திக்கொண்டே இருக்கிறேன். பெரியவர்களுக்கு டிஜாக்சின் என்ற இதய மருந்து கொடுக்கும் முன் ஸ்டெதாஸ்கோப்பை மார்பில் வைத்து இதயத் துடிப்பை முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள், 60க்குக் கீழே இருந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் என்றால் மூச்சை எண்ணுங்கள், நிமிடத்துக்கு 12க்குக் கீழே போனால் அதேதான். கர்ப்பிணிகளுக்கு வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்ஃபேட் ஓடும்போது முழங்கால் ரிஃப்ளெக்ஸ் (தட்டினால் கால் உதறுவது) காணாமல் போனாலோ, மூச்சு 12க்குக் கீழே இறங்கினாலோ, சிறுநீர் மணிக்கு 30 மில்லிக்குக் குறைந்தாலோ மருந்து விஷமாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மாற்று மருந்தான கால்சியம் குளுகோனேட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பொட்டாசியம் குளோரைடை நீர்க்காமல் நேரடியாக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும், யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

சரி, சந்தேகம் வந்தால் என்ன செய்வது? கொடுக்காமல் நிறுத்துங்கள். ‘டோஸ் கொஞ்சம் ஜாஸ்தியோ’ என்று இழுக்காமல், எண்ணோடு டாக்டரிடம் கேளுங்கள். அவர் அப்படியே கொடு என்றால் வார்டு இன்சார்ஜிடமும் உங்கள் ஆசிரியரிடமும் போங்கள். யாரிடம், எத்தனை மணிக்கு, என்ன சொன்னீர்கள் என்று எழுதி வையுங்கள். நீங்கள் பயந்துகொண்டேயாவது வாயைத் திறந்து சொன்னீர்களே, அது சாதாரண விஷயம் இல்லை.

கேள்வி: ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். அந்த அம்மாவோ ‘என்னத்தை எடுக்கப் போறாங்க?’ என்று என்னைக் கேட்கிறார். நானே விளக்கலாமா?

பதில்: வேண்டாம், கையெழுத்தும் வாங்க வேண்டாம். என்ன செய்யப் போகிறோம், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்று விளக்க வேண்டியது ஆபரேஷன் செய்பவரின் கடமை. இவருக்குப் புரியவில்லை என்று அவரிடம் போய்ச் சொல்வதுதான் உங்கள் வேலை. நீங்கள் சாட்சியாகப் போடும் கையெழுத்துக்கு, இவர் தெளிவான நினைவோடு, யாரும் வற்புறுத்தாமல், தன் கையால் போட்டார் என்பது மட்டுமே பொருள். மயக்கம் தரும் ஊசி போட்ட பிறகு வாங்கும் கையெழுத்து செல்லாது. அப்புறம், கையெழுத்துப் போட்டவர் தியேட்டர் வாசலில் வைத்து வேண்டாம் என்றாலும் அது அவர் உரிமை. மீறித் தொட்டால் சட்டப்படி அது தாக்குதல்.

கேள்வி: நோட்ஸில் தப்பாக எழுதிவிட்டேன். ஒயிட்னர் போடலாமா?

பதில்: கூடவே கூடாது. கீழே இருப்பது படிக்கும்படி ஒரே ஒரு கோடு இழுத்து, பிழை என்று எழுதி, தேதி, நேரம், கையெழுத்து. விட்டுப்போனதைப் பிறகு சேர்த்தால் தாமதப் பதிவு என்றே குறிப்பிடுங்கள். கொடுப்பதற்கு முன்பே ‘கொடுத்தாயிற்று’ என்று டிக் அடிக்கும் பழக்கத்தைப் பார்த்தாலே எனக்கு நெஞ்சு பதறும். நடுவில் நோயாளி வாந்தி எடுக்கலாம், வேண்டாம் எனலாம், இறந்துகூடப் போகலாம்.

கேள்வி: ரத்தம் ஏற்றும்போது குளிர், நடுக்கம் வந்தால் முதலில் யாரைக் கூப்பிடுவது?

பதில்: கூப்பிடும் முன் ரத்தத்தை நிறுத்துங்கள். புது டியூபில் நார்மல் சலைன் போட்டு நரம்பை அடைபடாமல் வைத்துக்கொண்டே டாக்டரைக் கூப்பிடுங்கள். மோசமான ரியாக்‌ஷன் பெரும்பாலும் தொடக்கத்திலேயே வரும், ஆகவே முதல் 15 நிமிடம் படுக்கைப் பக்கத்தை விட்டு நகராதீர்கள். மிச்ச ரத்தப் பையையும் பழைய டியூபையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள், ரத்த வங்கிக்கு அனுப்ப வேண்டும்.