ஒடியல் கூழ்: பனிக்கு ஒரு பானை, சுற்றியிருக்க எட்டுப் பேர்

பனி கொட்டத் தொடங்கியதும் ஒடியல் கூழைப் பற்றிய கேள்விகளும் வந்து குவிந்துவிட்டன. யாழ்ப்பாணத்தில் மாரி மழைக்குக் காய்ச்சிக் குடித்ததை இப்போது டொரொண்டோவில் பனிக்குக் காய்ச்சுகிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, நான் சென்னைக்காரன். எங்களுக்குக் கூழ் என்றால் கேழ்வரகு, கம்பு. இதில் மீன் போடுவீர்களாமே?

போடுவோம் தம்பி, நண்டும் இறாலும் கூடப் போடுவோம். பனங்கிழங்கைப் பச்சையாகவே கிழித்து வெயிலில் காயவைத்தால் அது ஒடியல். அதை இடித்த மாதான் கூழுக்குத் தடிப்பைத் தருகிறது. அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். அது கடித்துத் தின்பதற்கு. கடையில் இரண்டின் மாவும் அருகருகே இருக்கும், பெயரைப் படித்து வாங்குங்கள். ஆடிப்பிறப்புக்குக் காய்ச்சும் ஆடிக்கூழ் வேறு. அது அரிசிமா, பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி சேர்த்த இனிப்புக் கூழ்.

எட்டு நண்பர்கள் வருகிறார்கள். அளவு சொல்லுங்கள். சுருக்கமாக, நான் சமையலில் கற்றுக்குட்டி.

ஒடியல் மா 250 கிராம், முள்ளும் தலையுமாக மீன் 1 கிலோ, நண்டு அரைக் கிலோ, இறால் கால் கிலோ. மரவள்ளிக்கிழங்கு, பயிற்றங்காய் தலா 250 கிராம், பலாக்கொட்டை இருபது, அரிசி ஒரு கைப்பிடி, முருங்கையிலை இரண்டு கைப்பிடி. செத்தல் மிளகாய், அதாவது காய்ந்த மிளகாய், பதினைந்தை மஞ்சளோடு அரைத்துக்கொள்ளுங்கள். பழப்புளி ஒரு தேசிக்காய் (எலுமிச்சை) அளவு.

மூன்று லீட்டர் தண்ணீரில் அரிசி, கிழங்கு, கொட்டை முதலில். அவை பாதி வெந்ததும் பயிற்றங்காயும் நண்டும், பிறகு மீன். அதன் பின் மிளகாய்க் கூட்டு, உப்பு, புளி. புளியை முந்திப் போட்டால் கிழங்கு வேக மறுக்கும். கடைசியில் இறால், கரைத்த மா, இலை. மா விட்ட பிறகு அகப்பையை விட்டு நகராதீர்கள், அடிப்பிடிக்கும். பச்சை மா வாசம் போகும்வரை, பத்து நிமிடமாவது, மெல்லிய நெருப்பில் கொதிக்கட்டும்.

சென்ற வாரம் காய்ச்சினேன். ஒரே கசப்பு. மா பழுதா?

மா பழுதில்லை, நீங்கள் ஊறவைத்திருக்கமாட்டீர்கள். ஒடியலின் இயல்பே கசப்பு. ஒரு லீட்டர் தண்ணீரில் மாவைக் கரைத்து இரண்டு மணி நேரம் வையுங்கள். முதல் நாள் இரவே வைத்தால் இன்னும் நல்லது. மா அடியில் படிந்து மேலே தண்ணீர் தெளியும். கசப்பு அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கும். பானையைச் சரித்து அதை ஊற்றிவிட்டு, அடியில் இருப்பதைப் புதுத் தண்ணீரில் கரைத்து விடுங்கள். என் அம்மா இரண்டு தடவை தண்ணீர் மாற்றுவார்.

மா கட்டி கட்டியாகிவிட்டது. என்ன செய்யலாம்?

ஒன்றும் செய்ய முடியாது, சிரித்துக்கொண்டே பரிமாறுங்கள். நானும் இங்கு வந்த புதிதில் அவசரப்பட்டு உலர்ந்த மாவைக் கொதிக்கும் பானையில் கொட்டியவள்தான். வந்திருந்த ஒருவர் கட்டியை மென்றபடி, "அக்கா, கணவாயும் போட்டீர்களா?" என்று கேட்டார். நானும் ஆம் என்று சொல்லிவிட்டேன்.

இங்கே மீன் விலை கண்ணைக் கட்டுகிறது. சாமன் துண்டம் போடலாமா?

வேண்டாம். கூழின் ருசி தலையிலும் முள்ளிலும் நண்டு ஓட்டிலும் இருக்கிறது. விலை கூடிய துண்டம் கொதித்துக் கரைந்துபோகும், பெயருக்கும் மிஞ்சாது. ஊரில் ஒட்டி, ஓரா போன்ற சிறுமீன்களைத்தான் போடுவார்கள். மீன்கடையில் தலைகளைக் கேளுங்கள், மலிவாகக் கிடைக்கும்.

லண்டனில் பலாவிலைக்கு எங்கே போவது?

எங்கேயும் போகவேண்டாம், தேநீர்க் குவளை போதும். ஊரில் பலாவிலையைக் கோலி ஈர்க்கால் குத்தி, அதில் அள்ளிக் குடிப்போம். இலை சின்னது என்பதால் நாலு மிடறுக்கு ஒருமுறை பானைக்கு வரவேண்டும். அப்படியே யாராவது ஒருவர் கதையைத் தொடக்கிவிடுவார். ஆகவே குவளையும் சின்னதாக இருக்கட்டும். கடித்துக்கொள்ளத் தேங்காய்ச் சொட்டு வையுங்கள்.

கராஜுக்குள் எரிவாயு அடுப்பு வைத்துக் காய்ச்சலாமா? வெளியே மைனஸ் 15.

கூடவே கூடாது. மூடிய இடத்தில் கார்பன் மொனொக்சைட் சேரும், அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கதவைச் சற்றுத் திறந்துவைத்தாலும் போதாது. குசினியில் காய்ச்சிப் பானையைத் தூக்கி வாருங்கள்.

நண்பர்களில் ஒருவர் சைவம். இன்னொருவருக்கு நண்டு, இறால் ஒவ்வாமை.

சைவத்துக்கு மரக்கறி மட்டும் போட்டுத் தனிப்பானை. ஒவ்வாமைக்காரரும் அதிலேயே குடிக்கட்டும். நண்டைப் பொறுக்கி எடுத்துவிட்டேன் என்று உங்கள் பானையிலிருந்து கொடுக்காதீர்கள், சாறு முழுவதும் இறங்கியிருக்கும். அகப்பையும் வேறாக இருக்கவேண்டும்.

இஞ்சி சேர்த்தால் தடிமனுக்கு (சளிக்கு) நல்லதல்லவா?

மரவள்ளி சேர்ந்த எதிலும் எங்கள் வீடுகளில் இஞ்சி போடுவதில்லை. பெரியவர்கள் அப்படி வழக்கமாக்கிவிட்டார்கள், நானும் மீறியதில்லை. மூக்கைத் திறக்கச் செத்தல் மிளகாய் போதும்.

மிஞ்சினால் அடுத்த நாள் குடிக்கலாமா?

கடலுணவு கலந்தது, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குப் போகவேண்டும். மறுநாள் களிபோல இறுகியிருக்கும். சுடுதண்ணீர் விட்டுக் கரைத்து, நன்றாகக் கொதிக்கவிட்டுக் குடியுங்கள். மூன்றாம் நாளுக்கு வைக்காதீர்கள். எட்டுப் பேருக்குக் காய்ச்சிப் பாதி மிஞ்சியிருந்தால், கசப்பு போயிருந்ததா என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.