பலாலி விமான நிலையம்: வாசகர் கேட்டவை

யாழ்ப்பாணத்துக்கு வந்துபோகும் வழிகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதும், அங்குள்ள விமான நிலையமான பலாலியைப் பற்றி மட்டும் கேட்டுப் பல கடிதங்கள் வந்துவிட்டன. அவற்றில் நான்கை எடுத்துக்கொள்கிறேன்.

திருச்சி வாசகி ஒருவர்: 2025 மார்ச்சில் திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேரடி விமானம் தொடங்கியபோது எல்லோரும் அதைப் புதுமையாகப் பேசினார்கள். என் மாமனாரோ, "அந்தக் காலத்திலேயே நான் பிளேனில் போயிருக்கிறேன்" என்கிறார். வயதானதால் குழப்பிக்கொள்கிறாரா?

இல்லை அம்மா, உங்கள் மாமனார் சொல்வதுதான் சரி.

பலாலியில் ஓடுபாதையைப் போட்டது பிரித்தானிய வான்படை, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில். போர் முடிந்த பிறகு அது பொதுமக்கள் பயணத்துக்கு வந்தது. 1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயார் சிலோன் தன் முதல் பயணிகள் சேவையைத் தொடங்கியது. அந்த டகோட்டா விமானம் கொழும்புக்கு அருகே இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறை என்று அன்று அழைக்கப்பட்ட இதே இடத்தில் இறங்கி, இங்கிருந்து சென்னைக்குப் போனது. இலங்கை சுதந்திரம் பெற இன்னும் இரண்டு மாதம் இருந்தது. நாட்டின் சொந்த விமான நிறுவனம் பறந்த முதல் வழியிலேயே யாழ்ப்பாணமும் சென்னையும் இருந்தன. இதை எங்கள் பள்ளிப் பிள்ளைகள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

பிறகு திருச்சிக்கும் சேவை இருந்தது. டகோட்டாவுக்குப் பின் அவ்ரோ விமானங்கள் வந்தன. கோயில், வைத்தியம், படிப்பு, கலியாணச் சாமான் என்று எங்கள் ஊர் ஆட்கள் அக்கரைக்குப் போய் வந்தார்கள். என் பெரியம்மாவின் கூறைச்சேலை திருச்சியில் எடுத்தது. பெரியப்பா விமானத்தில் போய் எடுத்து வந்தார். அந்தத் தலைமுறைக்கு இது பெரிய அதிசயமாகத் தெரியவில்லை.

எயார் சிலோன் 1970களின் கடைசியில் முடிவுக்கு வந்தது. 1979இல் தொடங்கிய எயார்லங்கா, கொழும்புக்கு வடக்கே உள்ள கட்டுநாயக்காவை மையமாக வைத்துக்கொண்டது. அப்புறம் போர். அதன்பின் சென்னைக்குப் போக விரும்பிய யாழ்ப்பாணத்தான், தெற்கே சுமார் 400 கிலோமீட்டர் பயணம் செய்து கொழும்புக்குப் போய், அங்கே விமானம் ஏறி, திரும்பவும் வடக்கு நோக்கிப் பறக்க வேண்டியிருந்தது. எத்தனை வயதானவர்கள் இந்தச் சுற்றுக்குப் பயந்தே பயணத்தைக் கைவிட்டார்கள்!

2019 ஒக்டோபர் 17ஆம் திகதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் பலாலி மறுபடி திறந்தது. சென்னையிலிருந்து அலையன்ஸ் எயர் வந்தது. சில மாதங்களிலேயே கொரோனா எல்லாவற்றையும் நிறுத்தியது. 2022 டிசெம்பரில்தான் சேவை மீண்டது. 2024 செப்டெம்பரில் இண்டிகோ சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு உங்கள் ஊர். ஆகவே மாமனாரிடம் சொல்லுங்கள், அறுந்து போன வழியைத்தான் திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

கனடாவின் ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் காணி பலாலிக்குப் பக்கத்தில் இருந்தது. 1990இல் வெளியேறினோம். விமான நிலையம் பெரிதாவதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா, வேதனைப்படுவதா?

இரண்டும் நியாயமானவை. நாங்களும் அதே 1990இல் கட்டுவனை விட்டு ஓடியவர்கள்தான், அதனால் உங்கள் கேள்வி எனக்குப் புரிகிறது.

பலாலி, வசாவிளான், கட்டுவன் பக்கத்து மண் செம்பாட்டு மண். வெங்காயம், உருளைக்கிழங்கு, புகையிலை, வாழை என்று எதை வைத்தாலும் விளையும். ஓடுபாதை கிடப்பது அப்படிப்பட்ட நிலத்தில். போர்க் காலத்தில் அதைச் சுற்றிய ஊர்களெல்லாம், பொதுமக்கள் நுழைய முடியாத படையினரின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. 1987இல் இந்தியப் படை வந்தபோதும் பலாலிதான் அவர்களின் தளம். அந்த ஒக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளவில் படையினரை இறக்கிய ஹெலிகொப்டர்கள் இங்கிருந்துதான் எழுந்தன. ஆட்சி மாறினாலும் படை மாறினாலும், அந்த நிலத்துக்கு உரிய சனம் வெளியே முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்தது.

போர் முடிந்தபின் காணிகள் துண்டுதுண்டாக விடுவிக்கப்பட்டன. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம் மீனவர்களிடம் திரும்பியது. 2025 ஏப்ரலில் வசாவிளானிலிருந்து பலாலிக்குப் போகும் வீதித்துண்டு, மூன்றரைப் பத்தாண்டுக்குப் பிறகு, கட்டுப்பாடுகளோடு திறக்கப்பட்டது. இன்னும் திரும்பாத காணிகள் இருக்கின்றன.

என் நிலைப்பாட்டை ஒளிக்காமல் சொல்கிறேன். விமான நிலையம் வேண்டும். அது வளரவும் வேண்டும். ஆனால் ஓடுபாதைக்கும் முனையத்துக்கும் உண்மையில் எவ்வளவு நிலம் தேவை என்பதை அளந்து வெளியிட வேண்டும். அந்த அளவுக்குள் வரும் காணிக்கு உரிமையாளரிடம் பேசி, சரியான விலை கொடுக்க வேண்டும். மிச்சத்தை விட்டுவிட வேண்டும். விமானத்தைக் காட்டி வயலைப் பிடித்து வைத்திருக்கக்கூடாது. உங்கள் உறுதிப்பத்திரம் எங்கே இருக்கிறது? இல்லாவிட்டால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்க முடியுமா பாருங்கள். தெல்லிப்பழைப் பிரதேச செயலகத்தில் உங்கள் பெயரும் காணி விவரமும் பதிவாகியிருக்கிறதா என்று ஊரில் உள்ள ஒருவரை அனுப்பிக் கேளுங்கள். கனடாவில் இருக்கும் பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

யாழ்ப்பாணம், கல்லூரி மாணவி: போர்க் காலத்தில் இங்கிருந்து கிளம்பிய பயணிகள் விமானம் ஒன்று காணாமல் போனதாமே?

ஆம் மகளே. 1998 செப்டெம்பர் 29, லயன் எயார் நிறுவனத்தின் அன்டனோவ் விமானம். பலாலியிலிருந்து கொழும்புக்கு 55 பேருடன் புறப்பட்டது. மன்னார்க் கடலுக்கு மேலே தொடர்பு அறுந்தது. அப்போது யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடிக்கிடந்தது. வைத்தியத்துக்கோ வெளிநாட்டுப் பயணத்துக்கோ போகவேண்டிய ஆட்கள் கப்பலில் அல்லது இந்த விமானங்களில்தான் போகமுடியும். போரின் பின், 2012இல் இரணைதீவுக்கு அருகே கடலடியில் சிதைவுகளைக் கண்டெடுத்தார்கள். உன் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பார். அன்று போனவர்களில் ஒருவரையாவது அறிந்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். பலாலியின் சரித்திரத்தை எழுதுபவர்கள் அவர்களை விட்டுவிட்டு எழுதக்கூடாது.

சென்னை வாசகர்: 78 வயதுத் தாயாரை நல்லூருக்கு அழைத்துவர விரும்புகிறேன். பலாலியில் வசதிகள் எப்படி?

மீனம்பாக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு வராதீர்கள். இது சிறிய நிலையம். முனையம் சிறிது, நடை குறைவு. வயதானவர்களுக்கு இதுவே பெரிய நன்மை என்பேன். குடிவரவு, சுங்கம் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே முடிந்துவிடும்.

வருவது ஏ.டி.ஆர். 72 வகை விமானம். முன்னால் விசிறி சுழலும், எழுபது எண்பது பேர் இருக்கலாம். ஏறக்குறைய 1,300 மீட்டர் ஓடுபாதையே அதற்குப் போதும் என்பதால் பலாலி போன்ற இடத்துக்குப் பொருத்தமானது. ஏறும் கதவு பின்பக்கம் இருக்கிறது. முன்பக்கக் கதவு பொதிகளுக்கு. விமானத்துக்கு நேராக இணையும் நடைபாலம் கிடையாது. தரையில் நடந்து போய்ச் சில படிகள் ஏற வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் சீட்டு எடுக்கும்போதே சக்கர நாற்காலி உதவி கேளுங்கள். அன்று காலையில் போய்க் கேட்பது போதாது. இறக்கை யன்னலுக்கு மேலே இருப்பதால் கடலும் தீவுகளும் மறைப்பில்லாமல் தெரியும், அவரை யன்னலோரம் இருத்துங்கள்.

பொதி எடை வரம்பை உங்கள் சீட்டிலேயே பாருங்கள். சிறிய விமானத்தில் எடைக் கட்டுப்பாடு இறுக்கமாக இருக்கும், பட்டுப்புடவைகளும் பலகாரங்களுமாக அடைத்துக்கொண்டு வந்து கவுண்டரில் வாதாட நேரிடும். இலங்கைக்கான இணைய அனுமதியை முன்கூட்டியே எடுத்து, அச்சுப் பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

யாழ் நகரம் தெற்கே சுமார் 16 கிலோமீட்டர். நல்லூர் அதற்குச் சற்று முன்னாலேயே வந்துவிடும். நிலையம் இன்னும் படையினரின் பகுதிக்குள் இருப்பதால், வாகனம் எங்கே வந்து நிற்கும் என்பதைத் தங்குமிடத்தாரிடம் முதல் நாளே கேட்டு உறுதிசெய்யுங்கள். வழியில் படம் எடுக்க வேண்டாம். நல்லூர்த் திருவிழா ஆவணியை ஒட்டி இருபத்தைந்து நாட்கள் நடக்கும். அந்தக் காலத்தில் விமானச் சீட்டும் அறையும் சீக்கிரம் தீர்ந்துவிடும். தேரும் தீர்த்தமும் பார்க்க விருப்பமென்றால் பஞ்சாங்கம் பார்த்து இப்போதே பதிவு செய்யுங்கள். கூட்டம் அம்மாவுக்கு ஒத்துவராது என்றால் திருவிழா இல்லாத ஒரு வெள்ளிக்கிழமை வாருங்கள். நல்லூரில் நின்று கும்பிட இடம் கிடைக்கும்.