நுரையீரலில் கீஹோல் அறுவை சிகிச்சை செய்த பிறகு மூச்சுத்திறன் குறையாமல் இருக்கத் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

உங்களுக்குத் தேதி குறித்துவிட்டார்கள், "சின்ன ஓட்டைதான், சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம்" என்றும் யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். என்னிடமும் அதைத்தான் சொன்னார்கள். பொய்யில்லை, விலா எலும்புகளை விரித்துத் திறக்கும் முறையை விட இதில் வலி குறைவு. ஆனால் வெளியே போடும் ஓட்டையின் அளவுக்கும் உள்ளே எடுக்கும் நுரையீரலின் அளவுக்கும் சம்பந்தமே கிடையாது. எனக்கு வெளியே மூன்று சின்னத் தழும்புகள்தான், உள்ளே போனது வலது நுரையீரலின் மேல் மடல், அதாவது அதன் மேல்பக்கப் பெரும் பிரிவு, முழுவதும்.

டாக்டர் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். மடலுக்குள் இருக்கும் சின்னப் பகுதிகளைச் செக்மென்ட் என்கிறார்கள், இரண்டு பக்கமும் சேர்த்து 19 செக்மென்ட் என்று வைத்துக்கொள்கிறார்கள். வலது மேல் மடலில் 3, அதாவது சுமார் 16 சதவீதம். அதுவே வலது கீழ் மடல் என்றால் 5. இப்போது இருக்கும் திறனில் இதைக் கழித்துத்தான் உடம்பு தாங்குமா என்று பார்க்கிறார்கள். அதனால் உங்கள் பி.எஃப்.டி. (நுரையீரல் திறன் பரிசோதனை) ரிசல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, முழு மடலா, செக்மென்ட் மட்டும் போதுமா என்று முதலில் கேளுங்கள். 2 செ.மீ.க்குள், ஓரமாக இருக்கும் ஆரம்பக்கட்டப் புற்றுநோய்க் கட்டிக்கு செக்மென்ட் மட்டும் எடுத்தாலும் ஆயுள் குறைவதில்லை என்று 2022இல் வெளியான ஜப்பானிய ஆய்வு காட்டியது. அதே ஆய்வில் ஓராண்டு கழித்து முழு மடல் எடுத்தவர்களுக்கும் செக்மென்ட் மட்டும் எடுத்தவர்களுக்கும் மூச்சுத்திறன் இழப்பில் இருந்த வித்தியாசம் 3.5 சதவீதம்தான். எனவே முழு மடலையும் எடுத்தே ஆக வேண்டும் என்றாலும் மனம் உடைந்துவிடாதீர்கள், மீதி நுரையீரல் விரிந்து ஓரளவு ஈடுகட்டும்.

அது விரிய நாம் விட வேண்டும், சிக்கலே அங்கேதான். விலா எலும்புகளுக்கு நடுவே, உள்ளே சேரும் காற்றையும் நீரையும் வெளியேற்றும் டிரெய்ன் குழாய் இருக்கும், மூச்சை இழுத்தால் பாதியிலேயே சுருக்கென்று வலிக்கும், இருமல் வந்தால் அடக்கிக்கொள்வோம், சளி உள்ளேயே தங்கும், அப்புறம் நிமோனியா. என் பிசியோதெரபிஸ்ட் ஒரு தலையணையைக் கொடுத்துத் தையல் மேல் அழுத்திப் பிடிக்கச் சொன்னார், கண்ணாடியில் ஆவி படிய ஊதுவது போல வாயைத் திறந்து "ஹா" என்று ஊதச் சொன்னார். திரும்பத் திரும்பச் செய்ததில் அடியில் கிடந்த சளி கரகரவென்று மேலே ஏறுவது எனக்கே கேட்டது. அதன் பிறகுதான் இருமச் சொன்னார், ஒரே இருமலில் வந்துவிட்டது.

வலி மாத்திரையைத் தயவுசெய்து மறுக்காதீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதில் பெருமை ஒன்றும் இல்லை, வலி அடங்கினால்தான் ஆழமாக மூச்சு விட முடியும். மூச்சுப் பயிற்சிக்குத் தரும் மூன்று பந்து ஸ்பைரோமீட்டரை ஊதக்கூடாது, மெதுவாக உள்ளே இழுத்து, சில நொடி நிறுத்தி, பிறகு விட வேண்டும். ஆனால் அது மட்டும் போதும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. நடைதான் முக்கியம். என்னை மறுநாளே குழாய்ப் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நடக்க வைத்தார்கள். அறுவை செய்த பக்கத்துத் தோளையும் அசைத்துக்கொண்டே இருங்கள், இல்லையென்றால் இறுகிவிடும்.

டாக்டரை விட்டுவிட்டு என் பேச்சைக் கேட்கச் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நுரையீரலிலிருந்து காற்றுக் கசிவு நிற்காதவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் பயிற்சி மாறும், உங்கள் மருத்துவக் குழு சொல்வதே முடிவு.

புகைப்பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். இதை எழுதும்போதே எனக்கு மனசு ஆறவில்லை. நான் வாழ்நாளில் சிகரெட்டைத் தொட்டதில்லை. நுரையீரல் அறுவை என்றதும் பார்க்க வந்த ஒவ்வொருவரும் "பிடிப்பீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார்கள், வலிக்கிறதா என்று கேட்டவர்கள் குறைவு. புகைக்காதவர்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் வருகிறது. புகைத்தவராகவே இருந்தாலும் படுக்கையில் கிடப்பவரிடம் கேட்கிற கேள்வியா அது?

வீட்டுக்கு வந்த பிறகு திடீர் மூச்சுத் திணறல், காய்ச்சல், சளியில் நிறமாற்றம் அல்லது ரத்தம், ஒரு காலில் மட்டும் வீக்கம், இதில் எது வந்தாலும் அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காமல் உடனே போய்விடுங்கள்.