பழைய கேசட், புதிய சேகரிப்பாளர்: கேள்வி-பதில்

கோவை வாசகர்: பழைய வீடியோ கேம் சேகரிக்க ஆசை. எந்த மெஷினில் தொடங்குவது? எது பின்னால் நல்ல விலைக்குப் போகும்?

முதல் கேள்விக்குப் பதில்: சின்ன வயதில் எதை விளையாடினீர்களோ அதில் தொடங்குங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் பிஎஸ்-2, அதாவது சோனியின் பிளேஸ்டேஷன் 2. உலகம் முழுக்க 15 கோடிக்கு மேல் விற்ற மெஷின். நம் ஊரிலேயே கிடைக்கும், பிஎஸ்-1 டிஸ்குகளையும் ஓட்டும். ஒரு மெஷின், ஐந்து கேம், அதோடு ஆறு மாதம் இருங்கள். இரண்டாவது கேள்வி எங்கிருந்து வருகிறது என்று தெரியும். 2021-ல் பிரிக்காத சூப்பர் மாரியோ 64 கேசட் ஒன்று அமெரிக்காவில் 15 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அந்தக் கணக்கை நம்பி இதில் இறங்காதீர்கள். நான் விளையாடுவதற்காகச் சேர்க்கிறவன். முதலீட்டுக்கு என்னிடம் யோசனை இல்லை.

திருச்சி வாசகர்: அண்ணன் ஜப்பானிலிருந்து நிண்டெண்டோவின் சூப்பர் ஃபேமிகாம் மெஷின் கொண்டுவந்தார். பிளக்கில் செருகியதும் புகை வந்தது. ரிப்பேர் ஆகுமா?

ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230. இதை நான் எழுதாத மாதமே இல்லை. அடாப்டரின் முதுகில் அச்சடித்திருப்பதைப் படிக்க அரை நிமிடம் போதும். சரி, நடந்தது நடந்துவிட்டது. இப்படி ஆனால் பெரும்பாலும் அடாப்டர் மட்டும் போயிருக்கும், மெஷின் தப்பியிருக்கும். மெஷினுக்குள் ஒரு சின்ன ஃபியூஸ் உண்டு. டிவி ரிப்பேர் செய்கிறவரிடம் கொடுத்து முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். புது அடாப்டர் 10 வோல்ட் டிசி, ஏறக்குறைய 1 ஆம்பியர், அதன் பின்னின் நடுவில் நெகட்டிவ் இருக்க வேண்டும். இந்த நடுவில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். செகா மெகா டிரைவ் முதல் மாடலுக்கு நடுவில் நெகட்டிவ், இரண்டாம் மாடலுக்கு நடுவில் பாசிட்டிவ். ஃபேமிகாமின் அமெரிக்க வடிவமான என்இஎஸ்ஸின் அடாப்டர் தருவதோ ஏசி. அதை ஃபேமிகாமில் செருகினால் மெஷினே போய்விடும். பின் பொருந்துகிறது என்பதற்காக எதையும் செருகாதீர்கள்.

வேலூர் வாசகர்: வாத்து சுடும் கேமில் துப்பாக்கி வேலை செய்யவில்லை. டிவி புதுசு, 43 இஞ்ச் எல்இடி.

டிவி புதுசாக இருப்பதுதான் காரணம். அந்தத் துப்பாக்கி பழைய குண்டு டிவியில் மட்டும்தான் வேலை செய்யும். துப்பாக்கி பழுது என்று பிரித்துவிடாதீர்கள்.

சென்னை வாசகர்: ஆன்லைனில் போக்கிமான் எமரால்டு கேசட் 800 ரூபாய்க்குப் பார்த்தேன். ஒரிஜினலா?

படம் அனுப்பவில்லை, விற்பவர் என்ன எழுதியிருக்கிறார் என்றும் சொல்லவில்லை. ஆனால் விலையே பதிலைச் சொல்லிவிடுகிறது. ஒரிஜினல் இன்று பத்தாயிரத்தைத் தாண்டும். அடுத்த முறை விற்பவரிடம் இந்தப் படங்களைக் கேட்டு வாங்குங்கள்: முன்பக்கம், பின்பக்கம், கீழே பின் வரிசை. ஒரிஜினல் எமரால்டின் உடல் ஒளி ஊடுருவும் பச்சை. லேபிளில் இரண்டு இலக்க எண் ஒன்று அழுந்திப் பதிந்திருக்கும், சாய்த்துப் பிடித்தால் தெரியும். பின்களுக்கு மேலே பலகையில் நிண்டெண்டோ என்ற பெயர் பொடியாக எட்டிப் பார்க்கும். படம் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

சேலம் வாசகி: பரணில் பழைய டிவி கேமும் '9999 இன் 1' கேசட் நான்கும் கிடைத்தன. எல்லாம் டூப்ளிகேட், குப்பை என்கிறார் கணவர். போட்டுவிட்டு ஒரிஜினலில் தொடங்கலாமா?

தயவுசெய்து போடாதீர்கள். இப்படிக் கேட்டு வரும் கடிதங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது, ஏனென்றால் பாதிப் பேர் போட்ட பிறகுதான் எழுதுகிறார்கள்.

நிண்டெண்டோ 1983-ல் ஜப்பானில் விட்ட ஃபேமிகாமின் நகல்தான் நம் டிவி கேம். உண்மை. ஆனால் தொண்ணூறுகளில் இங்கே மாரியோவும் காண்ட்ராவும் டேங்க்கும் விளையாடிய பிள்ளைகளில் ஒரிஜினலைக் கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேர்? பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் வாங்கியது இதைத்தான். பக்கத்து வீட்டோடு கேசட் மாற்றிக்கொண்டதும், டிவி சேனலைத் திருகித் திருகிப் படம் பிடித்ததும் இதற்காகத்தான். ரஷ்யாவில் டெண்டி, போலந்தில் பெகாசஸ் என்று இதே மாதிரி நகல்கள் ஓடின. அந்த ஊர்க்காரர்கள் அவற்றைத் தேடித் தேடிப் பத்திரப்படுத்துகிறார்கள். நம் ஆட்களோ அமெரிக்கப் பெட்டிக்குக் கண்ணாடி அலமாரி செய்துவிட்டு, நம் வீட்டுப் பெட்டியைப் பழைய இரும்புக் கடைக்கு எடை போடுகிறார்கள்.

அந்தக் கேசட் ஒன்றைத் திறந்து பாருங்கள். பாதி உடல் காலியாக இருக்கும். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைப் பலகை, அதன் நடுவே தார் சொட்டி உறைந்த மாதிரி ஒரு கறுப்புத் திட்டு. சிப் அதற்குள்ளே. அது போனால் மாற்ற வழியில்லை, அதனால்தான் இருப்பதைக் காப்பாற்றச் சொல்கிறேன். 9999 என்பது பொய்தான். எண்ணிப் பார்த்தால் பல கேசட்டில் வேறு வேறு கேம் பத்துகூடத் தேறாது. மீதியெல்லாம் அதே கேம், ஐந்தாம் ஸ்டேஜிலிருந்து, முப்பது லைஃபோடு. ஆனால் அந்த மாற்றங்களும் அந்த மெனுத் திரையும் ஒரிஜினலில் கிடையாது. இப்படிப் பல கேசட்களை இன்னும் யாரும் பிரதி எடுத்து வைக்கவில்லை. உங்கள் நான்கையும் ஓட்டி, மெனுவை ஒரு பக்கம் விடாமல் போனில் படமெடுத்து வையுங்கள். ஓட்டும் முன் அடாப்டரின் முதுகைப் படியுங்கள். இவற்றுக்கு 60 பின், ஜப்பான் ஃபேமிகாமுக்கும் 60. பின்னால் ஒரிஜினல் வாங்கினாலும் அநேகமாக அதிலும் ஓடும். அமெரிக்க என்இஎஸ்ஸுக்கு 72 பின், நேராகப் பொருந்தாது.

தூத்துக்குடி வாசகர்: கேசட்டை ஊதிப் போடலாமா? ரப்பரால் தேய்க்கலாமா?

இரண்டும் வேண்டாம். எச்சில் ஈரம் பின்னை அரிக்கும், ரப்பர் மேல்பூச்சை உரித்துவிடும். 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், காது குடையும் பஞ்சுக் குச்சி. பத்து நிமிடம் காயவிட்டுப் போடுங்கள்.

தஞ்சை வாசகர்: கேம்பாய் போக்கிமான் கோல்டில் சேவ் நிற்பதில்லை.

உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. அந்தக் கேமில் கடிகாரமும் அதே பேட்டரியில் ஓடுவதால் மற்றவற்றைவிடச் சீக்கிரம் தீரும். சிஆர்2025, தகடு ஒட்டி வருகிற வகையை வாங்கிப் பற்றவைக்கச் சொல்லுங்கள். வெறும் பேட்டரியின் மேல் நேராகச் சூடு வைத்தால் வெடிக்கலாம். கேம்பாயை எடுத்து வைக்கும்போது அதன் ஏஏ பேட்டரிகளையும் கழற்றிவிடுங்கள். கசிந்து முனையைத் தின்ற கேம்பாய்கள் மாதம் இரண்டாவது என்னிடம் வருகின்றன.

நாகர்கோவில் வாசகர்: மஞ்சளாகிப்போன மெஷினை வெள்ளையாக்குவது எப்படி?

ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைப்பார்கள். திட்டுத்திட்டாகும், பிறகு மறுபடி மஞ்சளாகும். அப்படியே விடுங்கள்.

பாண்டிச்சேரி வாசகி: கடற்கரைப் பக்கம் வீடு. பூச்சி, ஈரம் இரண்டும் உண்டு. பெட்டியில் பாச்சை உருண்டை போட்டு வைக்கலாமா?

கூடாது. அதன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும், டிஸ்க் பெட்டிகள்தான் முதலில் போகும். மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, பரணில் ஏற்றாமல் கைக்கு எட்டுகிற அலமாரியில் வையுங்கள். பொட்டலத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை.