விவசாய மானியம் பெறுவோரின் பெயர்களை அரசு வெளியிடுவது சரியா?

மானியம் பெறும் விவசாயிகளின் பெயரையும் தொகையையும் அரசு பொதுவில் வெளியிடுவது தனியுரிமை மீறல் ஆகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். வெளியிடத்தான் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் எல்லோரையும் ஒரே தட்டில் வைத்து வெளியிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இதே கேள்வி நீதிமன்றம் வரை சென்றது. அங்கு 2008-இல் வந்த விதிமுறை, மானியம் பெற்ற ஒவ்வொருவரின் பெயர், ஊர், ஆண்டுத் தொகை ஆகியவற்றை இணையத்தில் வெளியிடும்படி உறுப்பு நாடுகளைப் பணித்தது. ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநிலத்துப் பண்ணைக் கூட்டாண்மை ஒன்றும் விவசாயி ஒருவரும் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். 2010 நவம்பர் 9 அன்று ஒன்றியத்தின் நீதிமன்றம், தனிநபர்களைப் பொறுத்தவரை அந்த விதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. வெளிப்படைத்தன்மையே தவறு என்று அது சொல்லவில்லை. எவ்வளவு காலம், எத்தனை முறை, எந்த வகையில், எவ்வளவு தொகை பெற்றார் என்ற வேறுபாடு எதையும் பாராமல் அனைவரது பெயரையும் வெளியிட்டதையே குறையாகக் கண்டது. 2013-இல் வந்த புதிய விதிமுறை பெயர்களை மீண்டும் வெளியிடச் செய்தது; மிகச் சிறு தொகை பெறுவோருக்கு மட்டும் பெயருக்குப் பதில் ஒரு குறியீட்டு எண் போதும் என்றது. இது நியாயமான ஏற்பாடு என்றே கருதுகிறேன்.

பெயர்கள் எதற்கு, மொத்தத் தொகை தெரிந்தால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். போதாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நேரடி மானியத்தின் பெரும்பகுதி நிலப்பரப்பைக் கணக்கிட்டே தரப்படுவதால், ஏறத்தாழ 80 சதவீதத் தொகை 20 சதவீதப் பயனாளிகளுக்குப் போய்ச் சேருகிறது. சிறு விவசாயியைக் காப்பாற்றவே இத்திட்டம் என்று சொல்லி வாக்கு கேட்பவரின் பேச்சு உண்மைதானா என்பதையும், மானிய விதிகளை வகுக்கும் இடத்தில் இருப்பவரே பயனாளியாகவும் இருக்கிறாரா என்பதையும் மொத்தத் தொகையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அதே சமயம், பெரிய தொகைக்கு எதிரே ஒருவர் பெயர் இருப்பதாலேயே அவர் முறைகேடு செய்தார் என்று ஆகிவிடாது. அவரிடம் நிலம் அதிகம் என்பதற்கு மேல், பட்டியலில் அவர் பெயருள்ள அந்த வரி பல நேரங்களில் எதையும் சொல்வதில்லை.

அந்த வரியில் என்ன இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். நீண்ட காலம் பெயர், ஊர், திட்டம், தொகை மட்டுமே இருந்தன. ஒரே உரிமையாளரின் நான்கு நிறுவனங்கள் நான்கு தனி வரிகளாக நின்றன. கூட்டிப் பார்க்க வழியில்லாமல் இருந்தது. பயனாளி எந்தக் குழுமத்தைச் சேர்ந்தவர் என்ற விவரத்தையும் பெற வேண்டும் என்று ஒன்றியத்தின் 2021-ஆம் ஆண்டு விதிமுறை சொன்னது தாமதமான, ஆனால் தேவையான திருத்தம். வெளியிட்ட விவரம் இரண்டு ஆண்டுகள் இருந்தால் போதும் என்ற விதிதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. பத்தாண்டு மாற்றத்தை ஒப்பிட விரும்பும் ஆய்வாளர் தானே ஆண்டுதோறும் சேமித்து வைத்திருந்தால்தான் உண்டு.

மானியத்தின் வடிவம் மாறும்போது வெளிப்படைத்தன்மையும் கைநழுவக்கூடும். அமெரிக்காவில் 2014-ஆம் ஆண்டு வேளாண் சட்டம், விவசாயிகளுக்கு ஆண்டுதோறும் நிலையாகத் தரப்பட்ட நேரடித் தொகையை நிறுத்திவிட்டுப் பயிர்க் காப்பீட்டுக்குக் கூடுதல் இடம் கொடுத்தது. நேரடித் தொகை பெற்றவர்களின் பெயர்களைப் பொதுமக்கள் பார்க்க முடிந்தது. காப்பீட்டு பிரீமியத்தில் அரசு ஏற்கும் பங்கால் யார் எவ்வளவு பயனடைகிறார் என்பதோ சட்டப்படி இரகசியம். செலவாவது அதே வரிப்பணம் என்னும்போது, பிரீமிய மானியத்தில் பெருந்தொகை பெறுவோரின் பெயர்களும் வெளியாக வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.