பட்டா உங்களுடையது, காடு?

கேள்வி: எங்கள் ஊருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட். அதை ஒட்டி அதே உரிமையாளரின் பட்டாவில் ஒரு சோலை, அதாவது மலையில் தானாக வளர்ந்த காடு. ‘சில்வர் ஓக் வெட்டுகிறோம்’ என்று லாரியில் மரம் இறங்கிக்கொண்டே இருக்கிறது. கேட்டால் ஊராட்சித் தலைவர் கையெழுத்துப் போட்ட கடிதத்தைக் காட்டுகிறார்கள். அந்தக் கடிதம் செல்லுமா? ஊராட்சியால் இதைத் தடுக்க முடியுமா?
– ஒரு வாசகர், கோத்தகிரி வட்டம்

பதில்: அந்தக் கடிதம் செல்லாக் காசு. தனியார் காட்டிலோ மலைத் தோட்டத்திலோ மரம் வெட்ட அனுமதி கொடுக்கும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது. மன்றத்தில் தீர்மானமே போட்டிருந்தாலும் அதேதான். அதிகாரம் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் இருக்கிறது. 1949ஆம் ஆண்டின் தனியார் வனப் பாதுகாப்புச் சட்டப்படி, அறிவிக்கை செய்யப்பட்ட தனியார் காட்டைக் குழுவின் முன் அனுமதி இல்லாமல் விற்கக்கூடாது, அடகு வைக்கக்கூடாது, குத்தகைக்கு விடக்கூடாது. அங்கே மரமும் வெட்டக்கூடாது. எஸ்டேட் பகுதிக்கு 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அரசு நிலத்து மரங்களைப் பார்ப்பது மாவட்டப் பசுமைக் குழு. அது வேறு, அங்கே மனு அனுப்பி நாளை வீணாக்க வேண்டாம்.

‘பட்டா நிலம், என் மரம்’ என்ற வாதத்துக்குப் பதில் உங்கள் மாவட்டத்திலிருந்தே வந்தது. கூடலூர்க் காடுகளுக்காக நிலம்பூர்க் கோவிலகத்து கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது: உரிமையாளர் யாராக இருந்தாலும் காடு காடுதான். அதே உத்தரவில் தமிழ்நாட்டுத் தோட்டங்களின் நிழல் மரங்களுக்கு, அதாவது தேயிலைக்கு நிழல் தர நிற்கும் சில்வர் ஓக் போன்ற மரங்களுக்கு, தனிப் பத்தியே உண்டு. நட்டு வளர்த்த மரமாக இருக்க வேண்டும், தானாக முளைத்ததைத் தொடக்கூடாது. அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் அறிக்கையில் சொன்ன இனங்களை மட்டும், அதில் சொன்ன அளவுக்கு மட்டும் வெட்டலாம். அதுவும் சட்டபூர்வக் குழுவின் மேற்பார்வையில். மத்திய வனப் பாதுகாப்புச் சட்டத்தின் 2023 திருத்தத்தோடு இதெல்லாம் போய்விட்டது என்று யாராவது சொன்னால், ‘காடு’ என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளையே பின்பற்றும்படி 2024 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றம் இட்ட இடைக்கால உத்தரவைக் காட்டுங்கள்.

ஆக, நட்ட சில்வர் ஓக்கை அனுமதி வாங்கி, அனுமதித்த அளவுக்குள் வெட்டினால் உரிமையாளர் பக்கம் நியாயம் இருக்கிறது. அவரை ஊர் கூடி மறிப்பது தவறு. பிரச்சினை பெரும்பாலும் அனுமதித் தாளில் இருப்பதில்லை. தாள் கொடுத்த பிறகு யாரும் போய் அடிக்கட்டையை எண்ணுவதில்லை, அங்கேதான் ஓட்டை. அனுமதி எஸ்டேட்டின் சர்வே எண்ணுக்கு இருக்கும். ரம்பம் பக்கத்து உட்பிரிவில் இருக்கும் சோலைக்குள் ஓடும். லாரியில் ஏறியபின் எல்லாம் ‘சில்வர் ஓக்’தான். ஆனால் கட்டையின் வெட்டு முகம் பொய் சொல்லாது. சில்வர் ஓக்கில் நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் அகலமான கதிர்கள் கண்ணுக்கே தெரியும். அறுத்த பலகையில் அவை பூப்போட்ட துணி மாதிரி மின்னும். நிழல் மரமாக நின்றது நேராக இருக்கும், கவாத்து செய்த தழும்பும் இருக்கும். கோணல்மாணலாக, பாசி படர்ந்த கட்டைகள் அதே லாரியில் கிடந்தால் சந்தேகப்படலாம்.

இன்னொரு தந்திரம், ‘பட்ட மரம்’. 1949 சட்டத்தில் காய்ந்த மரத்தையும் விழுந்த மரத்தையும் அகற்ற விலக்கு உண்டு. அதனால் முதலில் அடிமரத்தைச் சுற்றி ஒரு வளையம் பட்டையை உரித்துவிட்டு, மரம் காயும்வரை காத்திருந்து, பிறகு ‘பட்டுப்போச்சு’ என்று வெட்டுகிறார்கள். வெட்டுக்கத்தி பட்ட ஓரத்தோடு வளையமாகப் பட்டை இல்லாத அடிக்கட்டை தானாகச் செத்த மரத்தினுடையது அல்ல. ‘காற்றில் விழுந்தது’ என்றால் வேர் மண்ணோடு பிடுங்கியிருக்க வேண்டும், அல்லது தண்டு பிளந்து முறிந்திருக்க வேண்டும். வழுவழுவென்று சமமான அடிக்கட்டை எப்படி வரும்?

மூன்றாவது, அளவு. மரக்கடைக் கணக்கு கால்சுற்றுக் கணக்கு: சுற்றளவை நான்கால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது. 48 அங்குலச் சுற்று, 10 அடி நீளக் கட்டை 10 கன அடி என்று வரும். அதன் உண்மையான கன அளவோ 12.7. அனுமதி உண்மையான கன மீட்டரில் இருந்து, லாரியைக் கால்சுற்றில் அளந்தால், நூறுக்கு இருபத்தேழு கூடுதலாகப் போனாலும் கணக்கு சரியாகவே வரும். எந்தக் கணக்கு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: எஸ்டேட்டுக்குள் நுழையாதீர்கள், அத்துமீறல் வழக்கு உங்கள்மேல் திரும்பும். கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டிலும் நில வரைபடமான புலப்படத்திலும் சோலையின் சர்வே எண்ணை எடுங்கள். திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் ஆட்சியரிடமும் அன்றே மாவட்ட வன அலுவலரிடமும் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். ‘மரம் வெட்டுகிறார்கள்’ என்று மட்டும் எழுதினால் பதில் ‘அனுமதி உள்ளது’ என்று வரும், கோப்பு மூடப்படும். சர்வே எண், லாரி எண், தேதி, நேரம் எழுதி, வனத்துறை, வி.ஏ.ஓ., சர்வேயர் மூவரும் சேர்ந்து அடிக்கட்டைகளை எண்ணும் கூட்டாய்வு வேண்டும் என்று கேளுங்கள். கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் குழுவின் அனுமதி ஆணை, இனவாரி எண்ணிக்கை, காலக்கெடு, மரம் ஏற்றிச்செல்லக் கொடுத்த கடவுச்சீட்டுகள் ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள் ஆகும், அதற்குள் மரம் போய்விடும். அதனால் இதை மட்டும் நம்பியிருக்காதீர்கள். ஆணையில் இத்தனை மரம் என்றும் களத்தில் இத்தனை அடிக்கட்டை என்றும் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஊராட்சிக்கு வெட்டைத் தடுக்கும் அதிகாரமும் இல்லை. ஆனால் மரம் போன இடத்தில் அடுத்து முளைப்பது ரிசார்ட்டோ மனைப்பிரிவோ. அதற்கு அனுமதி கேட்கும் கோப்பு ஊராட்சிக்கு வரும்போது, நிலம் தனியார் வனப் பட்டியலில் இல்லை என்று வனத்துறை எழுத்தில் தராமல் நகர்த்தமாட்டோம் என்று கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1: கிராம சபை கூடும் இந்த நாட்களில் அடுத்து வருவதற்கே தீர்மானப் பொருளை எழுதிக் கொடுங்கள். தலைவரின் அந்தக் கடிதம் எந்தப் பதிவேட்டு எண்ணில் போனது என்ற கேள்வியையும் அதே சபையில் கேட்கலாம்.